நிறையும் எடையும்: அறிவியற் கலைச்சொற்கள் வளர்ந்த வரலாறு

தமிழகத்துப் பாடநூல் வழக்கில் பயின்ற ஒரு மாணவன், நிலவுக்கு எடுத்துச் சென்றாலும் ஒரு பொருளின் நிறை மாறாது என்று எழுதினால் அவனுக்கு முழு மதிப்பெண் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல் வழக்கில் பயின்ற மாணவன் அதே வாக்கியத்தை எழுதினால் அது பிழை. தமிழகத்தார் ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவை நிறை என்றும், புவி அதனை ஈர்க்கும் விசையை எடை என்றும் வழங்குகின்றனர். இலங்கைத் தமிழரோ முன்னதைத் திணிவு என்றும், பின்னதை நிறை என்றும் வழங்குகின்றனர். இயற்கை ஒன்று, மொழியும் ஒன்று. இருந்தும் ஒரு கரையில் உண்மையாக நின்ற வாக்கியம் மறுகரையில் பொய்யாகிவிடுகிறது.

இந்நிலை எவ்வாறு தோன்றியது? கலைச்சொல் ஆக்கத்தில் தமிழர் சோம்பியிருந்தனரோ எனின், இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இரு கரைகளிலும் அறிஞர் பலர் இப்பணிக்குத் தம் வாழ்நாளையே தந்துள்ளனர். அவர்கள் செய்தவை எவை, செய்யாது விட்டவை எவை என்பதை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இலக்கண நூலார் நெறி

கலைச்சொல் என்பது தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் காலந்தொட்டே இலக்கணம் என்னும் துறைக்குரிய சொற்கள் நம்மிடம் உள்ளன. குற்றியலுகரம், ஆகுபெயர், அன்மொழித்தொகை, உரிச்சொல் ஆகியவற்றை எண்ணிப் பார்ப்போம். இவை பொதுமக்கள் நாவில் பிறந்தவை அல்ல; ஒரு துறையார் தம் ஆய்வுக்கென அமைத்துக்கொண்டவை. ஆயினும் யாழ்ப்பாணத்து மாணவனும் மதுரை மாணவனும் குற்றியலுகரம் என்னும்போது ஒன்றையே கருதுகின்றனர். சிங்கப்பூரில் தமிழ் பயில்வோனுக்கும் அது வேறு பொருள் தருவதில்லை.

இவ்வொருமைக்குக் காரணம் சொற்களின் அழகன்று. ஒவ்வொரு சொல்லையும் நூற்பா ஒன்று வரையறுத்து நிற்கிறது. உரையாசிரியர்கள் அவ்வரையறையை எடுத்துக்காட்டுகளால் விளக்கி வந்துள்ளனர். இளம்பூரணரும் சேனாவரையரும் சில இடங்களில் கருத்து மாறுபடுவர். எனினும் எதைப் பற்றி மாறுபடுகின்றனர் என்பதில் ஐயம் எழுவதில்லை. வரையறை முதலில் நின்றமையால் சொல் வழுவாது நின்றது.

பிறமொழிச் சொற்களை ஏற்கும் நெறியையும் தொல்காப்பியர் வகுத்துச் சென்றார். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகையாகச் சொற்களைப் பகுத்து, வடசொல்லைத் தமிழ் எழுத்தோடு பொருந்த அமைத்துக்கொள்ளுமாறு விதித்தார். பிற்காலத்தில் எழுந்த பூசல்களுக்கெல்லாம் வித்து இந்நெறியில் உள்ளது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஐரோப்பியர் கண்ட பாடம்

ஐரோப்பிய மொழிகளில் அறிவியற் சொற்கள் தாமே முளைத்தன என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. அங்கும் சொற்குழப்பம் மலிந்திருந்தது. அறிஞர் அமர்ந்து பேசியே அதனைத் தீர்த்தனர்.

சுவீடன் நாட்டு லின்னேயசுக்கு முன்னர் ஒரு செடியின் பெயர் என்பது நீண்டதோர் இலத்தீன் வாக்கியமாக இருந்தது. அவர் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட தாவர நூலில் ஒவ்வொரு செடிக்கும் இரு சொற்களால் அமைந்த பெயரைச் சூட்டினார். நம் தென்னைக்குக் கோகோஸ் நூசிபெரா என்னும் பெயர் அந்நூலில் வந்ததே. இன்று எந்நாட்டுத் தாவரவியலாரும் அப்பெயரால் அம்மரத்தை அறிவர்.

வேதியியலில் இத்தகைய சீர்திருத்தம் 1787-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது. கிட்டன் தெ மார்வோ, லவாசியே, பெர்த்தோலே, பூர்குவா ஆகிய நால்வர் கூடி வேதிப்பொருள்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்தனர். கண்டவர் பெயரும், கிடைத்த ஊரின் பெயரும், நிறமும் மணமும் கொண்டு அதுகாறும் வழங்கிய பெயர்கள் நீங்கின. பொருளின் இயைபைக் காட்டும் பெயர்கள் வந்தன. பெயரைக் கேட்ட அளவிலே அதனுள் அடங்கிய தனிமங்கள் எவை என்று அறியலாயிற்று.

ஆயினும் அந்நால்வர் ஏற்ற சொற்களுள் ஒன்று பிழையான கொள்கையைத் தாங்கி நின்றது. ஆக்சிஜன் என்பதற்குக் கிரேக்க மொழியில் அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள். அமிலங்களுக்கெல்லாம் அதுவே மூலம் என லவாசியே கருதினார். 1810-ஆம் ஆண்டளவில் ஆங்கில நாட்டு அம்ப்ரி டேவி, உப்பிலிருந்து பெறும் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்று காட்டினார். சொற்பொருள் பொய்த்தது. அதனால் சொல்லை எவரேனும் மாற்றினரோ எனின், மாற்றவில்லை. அச்சொல் இன்ன தனிமத்தைக் குறிக்கிறது என்பதில் யாவரும் உடன்பட்டிருந்தனர். அவ்வுடன்பாடு சொல்லின் பிறப்பைவிட வலிமை பெற்றிருந்தது.

இதிலிருந்து பாடம் கற்றவர் போலும் மைக்கேல் பாரடே. மின்சாரம் செலுத்திக் கரைசல்களைப் பகுத்த ஆய்வுகளுக்கு அவருக்குப் புதிய சொற்கள் வேண்டியிருந்தன. மின்னோட்டத்தைப் பற்றிய கொள்கை நாளை மாறினும் தம் சொற்கள் பொய்க்கலாகாது என்று அவர் விரும்பினார். எனவே 1834-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெலைக் கலந்தார். கிரேக்கமும் அறிவியலும் ஒருங்கே அறிந்த ஹியூவெல், ஆனோடு, கேத்தோடு என்னும் சொற்களைத் தந்தார். மேல்வழி, கீழ்வழி என்பனவே அவற்றின் நேர்ப்பொருள். நேர்மின், எதிர்மின் என்னும் கருத்து எதுவும் அவற்றில் இல்லை.

இதனை நாம் தமிழில் எவ்வாறு ஆக்கினோம் என்பது கருதத்தக்கது. தமிழகத்தில் ஆனோடை நேர்மின்வாய் என்றும், கேத்தோடை எதிர்மின்வாய் என்றும் வழங்கி வந்துள்ளோம். மின்பகுப்புக் கலத்தில் இது பொருந்தும். மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மின்கலத்திலோ ஆனோடு எதிர்மின் தன்மை உடையதாகும். அவ்விடத்தில் நேர்மின்வாய் எதிர்மின் தன்மை உடையது என்று ஆசிரியர் சொல்ல நேர்கிறது, மாணவன் திகைக்கிறான். பாரடே எதனை அஞ்சி ஹியூவெலைத் தேடிச் சென்றாரோ அதே இடரில் நாம் சென்று விழுந்தோம். சொல் தூய தமிழாக அமைந்தது. கருத்தின் வரையறையோ சொல்லுக்குள் அடங்கவில்லை. இலங்கைத் தமிழர் அனோட்டு, கதோட்டு என ஒலிபெயர்த்துக்கொண்டமையால் இவ்விடர் அவர்களுக்கு இல்லை.

மானிப்பாயில் ஒரு மருத்துவர்

இக்கால அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் பெருமுயற்சி யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தொடங்கியது. அமெரிக்க நாட்டு மாசசூசெட்சு மாநிலத்தவரான சாமுவேல் பிஸ்க் கிரீன் என்னும் மருத்துவர், 1847-ஆம் ஆண்டில் சமய ஊழியராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்த அவர், 1860-களில் தமிழையே பயிற்றுமொழி ஆக்கினார். நூல் இல்லாமல் கல்வி இல்லை. சொல் இல்லாமல் நூல் இல்லை. எனவே தம் மாணவரைத் துணைக்கொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கினார்.

அவருடைய நெறி எளியது. ஒரு கருத்துக்கு முதலில் தமிழில் சொல் தேடுக. கிட்டாதாயின் வடமொழியை நாடுக. அங்கும் கிட்டாதாயின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அமைத்துக்கொள்க. இந்நெறியில் இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் முதலிய நூல்கள் வெளிவந்தன. 1873-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் பணியை விடவில்லை. 1884-ஆம் ஆண்டில் மறையும்வரை தமிழ் மருத்துவ நூல்களில் ஈடுபட்டிருந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்னும் குறிப்பே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டது.

கிரீன் வகுத்த சொற்களுள் இன்று எத்தனை வழக்கில் உள்ளன? கெமிஸ்தம் என்று இன்று எவரும் சொல்வதில்லை. சுகரணம் என்றால் உடலியக்கம் என்று விளங்கிக்கொள்வார் அரியர். சொற்களில் குறை இருந்ததனால் அவை மறைந்தன என்று கூறுதல் பொருந்தாது. அவருக்குப் பின் மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்குத் திரும்பியது. நூல்களைப் படிப்போர் இல்லாமற் போயினர். வகுப்பறை மூடப்பட்டபோது சொற்களும் உறங்கின. கலைச்சொல் வரலாற்றில் இஃது இரண்டாம் பாடம். வரையறை சொல்லை வழுவாது காக்கும். வழக்காறே அதனை உயிரோடு வைக்கும்.

சேலமும் சென்னையும்

தமிழகத்தில் இப்பணி அமைப்பு முறையில் தொடங்கியது 1916-ஆம் ஆண்டிலாகும். அப்போது சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் முன்னின்று தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைக் கண்டனர். சங்கத்தின் இதழ் ஒன்றும் ஆங்கிலப் பெயரோடு வெளிவந்தது. புதுவையில் இருந்த பாரதியார் அம்முயற்சி பற்றி எழுதினார். கல்லூரியில் ஆங்கிலத்தின் வழியே அறிவியல் பயின்ற தலைமுறை, தான் கற்றதைத் தாய்மொழியில் சொல்ல முற்பட்ட காலம் அது. பின்னாளில் அறிவியல் தமிழுக்குப் பெருந்தொண்டு புரிந்த பெ. நா. அப்புசாமி அவர்களும் அத்தலைமுறையைச் சேர்ந்தவரே.

1932-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு பள்ளிகளுக்கெனக் கலைச்சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் வடசொற்கள் மிகுந்திருந்தமை தமிழறிஞர் மனத்தைப் புண்படுத்தியது. நெல்லையில் இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1934-ஆம் ஆண்டில் சொல்லாக்கக் கழகத்தை அமைத்தது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை. 1936-ஆம் ஆண்டில் சென்னையில் கலைச்சொல் மாநாடு கூடியது. ஈழத்து விபுலானந்த அடிகள் தலைமை தாங்கினார்.

தலைமைக்கு அவரைவிடத் தக்கார் ஒருவரை எண்ணுதல் அரிது. மட்டக்களப்புப் பகுதியில் காரைதீவில் 1892-ஆம் ஆண்டில் பிறந்த அடிகள், இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியற் பட்டம் பெற்றவர். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். பிற்காலத்தில் யாழ்நூல் தந்தவர். பாரடேயும் ஹியூவெலும் ஒருவரிடத்தே கூடியது போன்றவர் எனலாம். இரு கரைத் தமிழரும் ஓர் அவையில் அமர்ந்து அறிவியற் சொற்களை ஆராய்ந்த அவ்வாண்டை நாம் மறத்தலாகாது.

மாநாட்டின் பயனாக, ஏறத்தாழப் பத்தாயிரம் சொற்கள் அடங்கிய கலைச்சொற்கள் என்னும் நூல் 1938-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி பயிற்றுமொழியாகத் தொடங்கிய காலம் அது. ஆதலின் நூல் உரிய வேளையில் வந்தது.

ஆனால் பூசல் ஓயவில்லை. 1940-ஆம் ஆண்டில் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு புதியதொரு குழுவை அமைத்தது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வடமொழிச் சார்பான சொற்கள் வேண்டும் என்போர் ஒருபால் நின்றனர். தமிழ் தன் வேரிலிருந்தே தளிர்க்க வல்லது என்போர் மறுபால் நின்றனர். எதிர்ப்பு வலுத்தபின் தமிழறிஞரும் குழுவில் சேர்க்கப்பட்டனர். நாளடைவில் தனித்தமிழ்ப் பக்கமே தமிழகத்தில் வென்றது. உஷ்ணமானி வெப்பமானி ஆயிற்று. திரிகோணம் முக்கோணம் ஆயிற்று. பௌதிகம் இயற்பியலாகவும், இரசாயனம் வேதியியலாகவும் மாறின. இவ்வெற்றியால் சொற்கள் எளிமை பெற்றன என்பதில் ஐயமில்லை. வெப்பமானி என்ற சொல்லைக் கேட்ட சிறுவன் அக்கருவி எதற்கு என்பதைத் தானே அறிந்துகொள்கிறான்.

ஆயினும் இருபது ஆண்டுக்கும் மேலாக நடந்த அவ்வாதத்தில் சொல் எங்கிருந்து வரவேண்டும் என்பதே பெரிதும் பேசப்பட்டது. சொல் எதைக் குறிக்கவேண்டும் என்பது அவ்வளவு பேசப்படவில்லை. இங்கே ஓர் ஒப்புமை தெளிவு தரும். தமிழ் நூல் வெளிவந்த அதே 1938-ஆம் ஆண்டில், 1906-ஆம் ஆண்டில் தோன்றிய அனைத்துலக மின்தொழில்நுட்பக் குழு, மின்னியல் துறைக்கான தன் சொல்லகராதியை முதன்முதலாக வெளியிட்டது. அதில் ஏறத்தாழ இரண்டாயிரம் சொற்களே இருந்தன. ஆனால் ஒவ்வொரு கருத்துக்கும் வரையறை தரப்பட்டிருந்தது. அவ்வரையறைக்குப் பல மொழிகளில் வழங்கும் சொற்கள் அடுத்து நின்றன. கருத்தை முதலில் வரையறுத்துச் சொல்லைப் பின்னர் இணைக்கவேண்டும் என்னும் கொள்கையை ஆஸ்திரியப் பொறியாளர் அய்கன் வூஸ்டர் 1931-ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதியிருந்தார். நம் நூலில் பத்தாயிரம் சொற்கள் இருந்தன. ஆங்கிலச் சொல்லுக்கு நேர் தமிழ்ச்சொல் நின்றது. வரையறையை ஆங்கிலச் சொல்லே சுமக்கும் என்று விட்டுவிட்டோம்.

வடபுலத்தில் நடந்தவை

இத்தகைய முயற்சியும் பூசலும் தமிழுக்கு மட்டும் உரியன அல்ல. வங்கத்து இராஜேந்திரலால் மித்ரா, ஐரோப்பிய அறிவியற் சொற்களை இந்திய மொழிகளில் ஆக்குவதற்கான திட்டம் ஒன்றை 1877-ஆம் ஆண்டில் வெளியிட்டார். காசி நாகரி பிரசாரிணி சபையின் இந்தி அறிவியற் சொற்றொகுதி 1906-ஆம் ஆண்டில் வந்தது.

விடுதலைக்குப் பின் இப்பணியைப் பேரளவில் மேற்கொண்டவர் டாக்டர் ரகுவீரா. வடமொழி வேர்களையும் முன்னொட்டுகளையும் கொண்டு எத்துறைக்கும் சொல் படைக்கலாம் என்று அவர் கருதினார். தனிமங்களின் பெயர்களையும் அவர் விட்டு வைக்கவில்லை. ஆக்சிஜனுக்கு அவர் அமைத்த சொல் ஜாரக் என்பது. இலக்கண முறையில் அவருடைய சொற்கள் செப்பமானவை. ஆனால் அவற்றுள் பல வகுப்பறையை எட்டவில்லை.

மைய அரசு 1950-ஆம் ஆண்டில் அறிவியற் சொற்களுக்கான வாரியத்தையும், 1961-ஆம் ஆண்டில் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தையும் அமைத்தது. ஆணையத்தின் முதல் தலைவர் இயற்பியல் அறிஞர் டி. எஸ். கோத்தாரி. ஆணையம் இடைவழி ஒன்றை வகுத்தது. தனிமங்களின் பெயர்கள், அளவைகள், அறிஞர் பெயரால் அமைந்த அலகுகள், உயிரினங்களின் இருசொற் பெயர்கள், கணிதக் குறியீடுகள் ஆகியவற்றை உலக வழக்கின்படியே கொள்க என்றது. ஏனைய கருத்துகளுக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காது, கருத்தைத் தழுவிச் சொல் அமைக்க என்றது. வெறும் சொற்பட்டியலோடு நில்லாது வரையறை அகராதிகளையும் அது வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

தமிழகத்துக்கு வெளியே மைய அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நம்மவர், அங்கே வழங்கும் ஆட்சிச் சொற்றொகுதியை நன்கறிவர். அதிலுள்ள சொற்களுள் கோப்பில் நாள்தோறும் எழுதப்படுபவை கடினமாயினும் கைவந்துவிட்டன. எழுதப்படாதவை எளியவையாயினும் ஏட்டிலேயே உறங்குகின்றன. கிரீன் நூல்களுக்கு நேர்ந்ததும் இதுவே.

இரு கரைகளும் பிரிந்தமை

இனித் தொடக்கத்தில் சுட்டிய நிறைக்கு வருவோம். 1936-ஆம் ஆண்டில் ஓரவையில் அமர்ந்த இரு கரைத் தமிழரும் விடுதலைக்குப் பின் தனித்தனி வழியில் சென்றனர். இலங்கையில் 1950-களின் நடுவில் ஆட்சிமொழித் திணைக்களம் தோன்றித் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. பள்ளிகளில் உயர்தர வகுப்புவரை அறிவியல் தமிழில் கற்பிக்கப்பட்டமையால் அச்சொற்கள் வழக்கில் ஊன்றின. தமிழகத்தில் 1960-ஆம் ஆண்டில் கோவை அரசு கலைக்கல்லூரியில் பட்ட வகுப்பு தமிழில் தொடங்கியது; அரசின் வெளியீட்டு நிறுவனம் கல்லூரிப் பாடநூல்களை வெளியிடலாயிற்று. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது. கோவையிலிருந்து வந்த கலைக்கதிர் இதழும், மணவை முஸ்தபா அவர்களின் அகராதிகளும் சொல்வளத்தைப் பெருக்கின. இரு கரையிலும் உழைப்புக்குக் குறைவில்லை. ஒருவர் பட்டியலை மற்றவர் பார்த்து ஒப்பிடும் ஏற்பாடு மட்டும் நிலைபெறவில்லை.

விளைவு யாது? தமிழகத்தில் முடுக்கம் எனப்படுவது இலங்கையில் ஆர்முடுகல். இதனால் பெருந்தீங்கு இல்லை. ஒரு கருத்துக்கு இரு சொற்கள், அவ்வளவே. இங்கே வேதியியல், இயற்பியல். அங்கே இரசாயனவியல், பௌதிகவியல். இதிலும் தீங்கில்லை. துறைப்பெயரில் வடசொல்லை ஏற்ற ஈழத்தார், ஒலிபெயர்ப்பில் வடவெழுத்தை நீக்கி ஐதரசன், ஒட்சிசன் என்று எழுதுகின்றனர். துறைப்பெயரில் வடசொல்லை விலக்கிய தமிழகத்தாரோ ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று வடவெழுத்தால் எழுதுகின்றனர். தூய்மை எது என்னும் வினாவுக்கு இரு கரைகளும் இருவேறு விடை கண்டன. இரண்டும் தொல்காப்பிய நெறியின் ஒவ்வொரு கூறு.

தீங்கு வேறிடத்தில் உள்ளது. தமிழகத்தில் திசை கருதாத விரைவை வேகம் என்றும், திசையோடு கூடியதைத் திசைவேகம் என்றும் கூறுவர். இலங்கையில் திசை கருதாததைக் கதி என்றும், திசையோடு கூடியதை வேகம் என்றும் கூறுவர். ஒரு பொருள் வட்டப் பாதையில் மாறாத வேகத்தில் செல்கிறது என்பது தமிழகத்தில் பொருந்தும் வாக்கியம். இலங்கையிலோ பொருந்தாது, வட்டத்தில் திசை கணந்தோறும் மாறுவதால் அவர்கள் கூறும் வேகமும் மாறியே தீரும். அழுத்தம் என்னும் சொல்லும் இத்தகையதே. தமிழகத்தில் காற்றுக்கும் நீருக்கும் உரிய அழுத்தத்தை இலங்கையார் அமுக்கம் என்பர். அழுத்தம் என்பதை அவர்கள் மின்னியலுக்கு வைத்துக்கொண்டனர்.

1983-ஆம் ஆண்டுக்குப் பின் ஈழத்திலிருந்து கடல் கடந்து வந்த குடும்பங்களின் சிறுவர் தமிழகப் பள்ளிகளில் சேர்ந்தனர். அறியாத சொல் ஒன்று வந்தால் ஒரு மாணவன் அதன் பொருளைக் கேட்டறிவான். அறிந்த சொல்லே வேறு பொருளில் வந்தால் அவன் கேட்கவும் மாட்டான். தேர்வுத்தாளில் பிழை விழுந்தபின்னும் காரணம் அவனுக்கு விளங்காது. இன்று இயந்திரத்தின் துணையால் மொழிபெயர்க்கும் காலம் வந்துவிட்டது. இரு கரை நூல்களையும் வேறுபாடின்றி ஒன்றாகக் கலந்தால், நிறை என்பது எந்த நிறை என்று அவ்வியந்திரத்துக்கு எடுத்துச் சொல்வார் யார்?

எது சரியான சொல் என்று வேரை ஆராய்ந்து முடிவு கட்டலாகாதோ எனின், வேர் இங்கே துணைசெய்வதில்லை. நிறுத்தல் என்னும் வினையிலிருந்து பிறந்தது நிறை. பண்டுதொட்டுத் தராசில் கண்ட பாரத்தையே அது குறித்து வந்தது என்று ஈழத்தார் கூறலாம். தராசு இரு தட்டுப் பொருள்களை ஒப்பிடுவது. நிலவிலும் அது அதே அளவையே காட்டும். ஆகவே தராசில் காண்பது மாறாத பருப்பொருள் அளவே என்று தமிழகத்தார் கூறலாம். இருவர் வாதமும் தக்கதே. இதனைத் தீர்க்க வல்லது உடன்பாடு ஒன்றே.

இனிச் செய்யத்தக்கது

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஒரு கருத்துக்கு இரண்டு சொற்கள் இருப்பது வளத்தின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். ஒரே துறையில் ஒரு சொல்லுக்கு இரண்டு கருத்துகள் இருப்பது ஆய்வுக்குக் கேடு. கலைச்சொற் பணியில் முதலில் நீக்கத்தக்கது பிறமொழிச் சொல் அன்று, இவ்விருபொருட் சொல்லே.

இலட்சம் சொற்களை ஒருங்கே ஒருமைப்படுத்தப் புகுந்தால் அது முடிவுறாது. இயற்பியலிலும் வேதியியலிலும் பள்ளி மாணவனுக்கு இன்றியமையாத அடிப்படைக் கருத்துகள் சில நூறு அளவில் அடங்கும். அவற்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கருத்துக்கும் தமிழிலேயே திட்பமான வரையறை எழுதவேண்டும். ஆங்கிலச் சொல்லைச் சுட்டி, அதன் நேர்ச்சொல் இது என்று விடுதல் போதாது. வரையறையின் கீழே தமிழக வழக்கையும் இலங்கை வழக்கையும் அருகருகே தரவேண்டும். சொல் மோதும் இடங்களைத் தனியே குறித்து, அங்கு மட்டும் இரு நாட்டுப் பாடநூலாரும் கூடி விட்டுக்கொடுத்து முடிவு காணவேண்டும். கணினி, கணிப்பொறி, கணனி போன்ற இணைச்சொற்களில் எது நிலைப்பது என்பதை வழக்காற்றுக்கே விட்டுவிடலாம்.

இப்பணிக்கு இயற்பியல் அறிந்தாரும் இலக்கணம் அறிந்தாரும் சேர்ந்து அமரவேண்டும். எழுதப்பட்டது பாடநூலிலும் வினாத்தாளிலும் ஏறவேண்டும். இல்லையேல் கெமிஸ்தத்தின் வழியே அதுவும் சென்றுவிடும். தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழரின் சங்கங்களுக்கு இதில் தனியொரு வாய்ப்பு உண்டு. நாம் எந்தக் கரையின் வழக்குக்கும் கட்டுப்பட்டவர் அல்லேம்; இரு கரையாரையும் ஓர் அவைக்கு அழைக்க வல்லேம். 1936-ஆம் ஆண்டில் நெல்லையில் இயங்கிய ஒரு சங்கம் ஈழத்து அறிஞர் ஒருவரைத் தலைமை தாங்கச் செய்து தொடங்கி வைத்த பணி, தொண்ணூறு ஆண்டு அளவில் காத்துக் கிடக்கிறது.

குற்றியலுகரத்துக்கு வரையறை தந்த மொழிக்கு நிறையையும் எடையையும் வரையறுப்பது அரிய செயலாகாது. நூற்பாவின் இடத்தில் இன்று ஒரு பாடநூற் பக்கம் வேண்டும். அப்பக்கம் இரு கரைக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.